அடம்பங்கொடியும் நம் காலடியும்

கீரமங்கலத்துக்காரர்களுக்குக் கடல் என்றால் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் மணமேல்குடிக் கோடியக்கரை, பள்ளி விடுமுறைக்குத் தனுஷ்கோடி. வண்டியை விட்டு இறங்கியதும் கண் அலையைத் தேடும். கால் எதை மிதிக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

மிதிபடுவது பெரும்பாலும் அடம்பங்கொடி. ஆட்டுக்குளம்பு போல் பிளந்த இலை, ஊதாப் பூ, கணுவுக்குக் கணு வேர். மணல் மூடினாலும் நுனியை நீட்டி மேலே வந்துவிடும். அதன் அருகே இராவணன் மீசை என்ற முட்புல். இதன் முள்ளுருண்டை காற்றில் உருண்டோடி விதை பரப்பும். இவை இரண்டும் தரையோரக் காற்றின் வேகத்தைத் தணிக்க, காற்று சுமந்து வந்த மணல் அங்கேயே விழுந்து மேடாகிறது. புயல் அலை கரையை அரிக்கும்போது முதலில் கரைவது இந்த மேடுதான். பின்னால் இருக்கும் நிலம் அதனால் தப்புகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வீழ்த்திய தென்னந்தோப்புகளைப் பார்த்த நமக்குப் புயலைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மணல் மூடினால் தாங்கும் கொடி, மிதித்தால் தாங்குவதில்லை. சதைப்பற்றான இலை நசுங்கும், வளரும் நுனி ஒடியும். சரிவில் கால் வைத்தால் மணல் சரிந்து வேர் வெளியே தெரியும். அந்த வெற்றிடத்தில் காற்று புகுந்து மணலை வாரத் தொடங்கினால் சிறு குழி பெரும் பள்ளமாகும்.

எத்தனை காலடிக்கு எவ்வளவு சேதம்? இதை அளக்க டேவிட் கோல், நீல் பேஃபீல்ட் இருவரும் 1993இல் ஒரு முறையை வகுத்தார்கள். அரை மீட்டர் அகலப் பட்டைகளில் 25, 75, 200, 500 முறை என்று நடந்து, மிஞ்சும் செடியை அளப்பது. மென்மையான செடிகளில் பெரும் சேதம் தொடக்க நடைகளிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குமேல் எத்தனை பேர் நடந்தாலும் கூடுவது கொஞ்சம்தான். ஆகவே கூட்டம் கரையெங்கும் பரவி நடப்பதுதான் கேடு. ஆயிரம் பேர் ஒரே தடத்தில் போனால் அழிவது அந்தத் தடம் மட்டுமே.

தனுஷ்கோடியில் 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தது. அதுவரை வேன்கள் மணலிலேயே ஓடின. சாலை வந்தது நல்லதுதான், ஆனால் அது முடியும் இடத்தில் கூட்டம் நாலாபக்கமும் சிதறுகிறது. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை மணல்மேடுகளை முதல் வகைப் பாதுகாப்பில் வைத்திருக்கிறது. அது கட்டடத்தைத் தடுக்கும், காலடியைத் தடுக்காது.

கூட்டத்தை ஒரே தடத்தில் நடக்க வைக்கக் கம்பும் தேங்காய்நார்க் கயிறும் போதும். கடற்காற்றுக்கு நேராகப் பாதை போட்டால் அதன் வழியே மணல் பறக்கும்; சற்றுச் சாய்த்துப் போட வேண்டும். கொடி படர்ந்த கரைகளில் அமாவாசைக்கு முதல் நாளே ஊராட்சி இதைக் கட்டிவிடலாம்.