நுரையீரல் பரிசோதனையும் மேய்ப்புப் பணியும்

நோயுற்றோரைச் சந்திப்பது குருத்துவப் பணியின் இன்றியமையாத பகுதி என்பதை நம்மில் எவரும் மறுப்பதில்லை. ஆனால் நோய் இன்னும் வெளிப்படாத நிலையில், அது உள்ளே இருக்கின்றதோ என்று அறியப் பரிசோதனைக்குச் செல்லும் ஒருவரிடம் மேய்ப்பருக்கு என்ன பணி உண்டு என்பதைப்பற்றி நாம் அதிகம் சிந்தித்ததில்லை. நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனையோடு, புகைப்பழக்கத்தை விட உதவும் பணியையும் இணைத்து மேலைநாடுகளில் நடத்தப்பெற்ற முயற்சிகள் இக்கேள்விக்கு வெளிச்சம் தருகின்றன. மருத்துவருக்கென எழுதப்பட்ட செய்திகளாயினும், அவற்றுள் மேய்ப்பர் கற்றுக்கொள்ளவேண்டியவை பல உள என்று கருதுகிறோம்.

புகைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் இருவர் 1950-இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் அவர்கள் பிரித்தானிய மருத்துவர்களையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். அம்மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததன் முடிவு 2004-இல் வெளியாயிற்று. புகைப்பதை 60 வயதில் விட்டவர் ஏறத்தாழ 3 ஆண்டுகளும், 50 வயதில் விட்டவர் 6 ஆண்டுகளும், 40 வயதில் விட்டவர் 9 ஆண்டுகளும், 30 வயதில் விட்டவர் 10 ஆண்டுகளும் தம் ஆயுளில் மீட்டுக்கொண்டனர் என்பது அம்முடிவு. “இத்தனை வருஷம் குடித்தாயிற்று, இனி விட்டு என்ன ஐயா?” என்று நம் சபைகளில் முதியோர் கேட்கும் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறில்லை. இந்த நான்கு எண்களையும் ஒவ்வொரு குருவானவரும் மனத்தில் வைத்திருப்பது நல்லது.

இனிப் பரிசோதனையைக் குறித்துச் சொல்லவேண்டும். சாதாரண மார்பு எக்ஸ்ரே படம் ஆண்டுதோறும் எடுப்பதனால் இந்நோயால் ஏற்படும் மரணம் குறைவதில்லை என்பது, ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோரிடம் அமெரிக்காவில் நடத்தப்பெற்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வினால் உறுதியாயிற்று. அதே ஆண்டில் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், நெடுங்காலம் மிகுதியாகப் புகைத்த 53,454 பேருள் ஒரு பாதியினருக்குக் குறைந்த கதிர்வீச்சு அளவுள்ள சி.டி. படமும் மறுபாதியினருக்கு எக்ஸ்ரே படமும் எடுக்கப்பட்டன. சி.டி. படம் எடுக்கப்பட்டோரிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 விழுக்காடு குறைந்திருந்தது. எனினும் சந்தேகத்துக்குரியதெனச் சி.டி. காட்டியவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு புற்றுநோயாக இருக்கவில்லை. ஆகவே இப்பரிசோதனை பலரை வீண் கலக்கத்துக்கும் உட்படுத்துகின்றது என்பதை மறத்தலாகாது.

அதே ஆய்வின் தரவுகளைப் பின்னர் ஆராய்ந்தபோது வெளிப்பட்ட உண்மை மேலும் கருதத்தக்கது. எக்ஸ்ரே பிரிவில் இருந்தோருள் ஏழாண்டுகள் புகைக்காதிருந்தவர்களுக்குக் கிடைத்த நன்மை, சி.டி. பரிசோதனை தந்த 20 விழுக்காட்டு நன்மைக்கு ஏறத்தாழ ஈடாக இருந்தது. பதினைந்து ஆண்டுகள் விட்டிருந்து பரிசோதனையும் செய்துகொண்டோரிடம் மரணம் 38 விழுக்காடு குறைந்தது. விலையுயர்ந்த இயந்திரம் செய்யும் வேலையை விட்டுவிடுதலும் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் பலன் பெருகுகிறது. இதனாலேயே அமெரிக்க அரசின் முதியோர் காப்பீட்டுத் திட்டம் 2015-இல் இப்பரிசோதனைக்குப் பணம் தர இசைந்தபோது, புகைப்பதை விடுவது பற்றிய ஆலோசனையும் உடன் தரப்படவேண்டும் என்று நிபந்தனை விதித்தது.

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் நடந்த முயற்சி நம் நோக்கத்துக்கு மிகவும் ஏற்றது. அங்குப் பரிசோதனை இயந்திரம் மருத்துவமனையில் அன்றி, பெரிய ஊர்தியொன்றில் கடைகளின் வண்டி நிறுத்துமிடம் போன்ற பொது இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டது. பரிசோதனைக்கு வந்தவர் புகைப்பவராயின், புகைப்பழக்கத்தை விட உதவும் பயிற்சி பெற்ற ஒருவரை அதே ஊர்தியிலேயே, அதே வேளையிலேயே சந்தித்தார். “அடுத்த மாதம் இன்ன இடத்துக்குப் போ” என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பவில்லை. பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு அச்சந்திப்பை ஏற்றுக்கொண்டனர். தொடர்ந்து சில வாரங்கள் உரையாடலும் மருந்தும் அளிக்கப்பட்டன. அதன்பின் ஒரு பிரிவினருக்கு மட்டும், அவரவருடைய சொந்த நுரையீரலிலும் இருதய இரத்தக் குழாய்களிலும் கண்ட சேதத்தின் படங்களை ஒரு சிறு ஏட்டில் அச்சிட்டுக் காட்டி ஆலோசனை கூறினர். தன் உடலின் சேதத்தைத் தன் கண்ணால் காண்பவன் உடனே விட்டுவிடுவான் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் மூன்று மாதங்களுக்குப் பின் பார்க்கையில், படம் கண்ட பிரிவிலும் காணாத பிரிவிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் புகைக்காதிருந்தனர். இரு பிரிவினருக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

இம்முடிவை நாம் முதலில் வாசித்தபோது சற்றே நாணமுற்றோம் என்பதை மறைக்கவேண்டியதில்லை. கன்வென்ஷன் பந்தல்களிலும் வாலிபர் கூடுகைகளிலும் கருத்துப்போன நுரையீரலின் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பிரசங்கித்த தலைமுறையைச் சேர்ந்தவர் நாம். அச்சமூட்டுவதே மனந்திரும்புதலுக்கு வழி என்று எண்ணினோம். அச்சத்துக்கு இடமே இல்லை என்று இங்குக் கூறவில்லை. பரிசோதனைக்கு வந்தவர் எவரும் ஓரளவு அச்சத்தோடுதான் வந்திருப்பர். ஆனால் அந்த அச்சத்தோடு வந்தவரை அதே இடத்தில் ஒருவர் அன்புடன் எதிர்கொண்டு, பல வாரங்கள் உடன் நடந்தார். உதவியேதுமின்றித் தாமாகவே விட முயல்வோருள் ஓராண்டுவரை நிலைத்திருப்போர் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரை மட்டுமே என்பதையும் நினைவிற் கொண்டால், உடன் நடத்தலின் ஆற்றல் எத்தகையது என்பது விளங்கும்.

நம் அனுபவத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்குக் குறிப்பிடுவது தகும். பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய சபையில் ஐம்பதைத் தாண்டிய மூப்பர் ஒருவர் இருந்தார். நாளொன்றுக்கு இரண்டு கட்டு பீடி அவருக்கு வேண்டும். நீங்காத இருமலுக்காக மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு, அந்தப் படத்துடன் நேரே குருமனைக்கு வந்தார். “ஐயா, நெஞ்சு சுத்தமாயிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஜெபம் பண்ணுங்க” என்றார். நாமும் அகமகிழ்ந்து, ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுத்து, காபி கொடுத்து அனுப்பினோம். பீடியைப்பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மகிழ்ச்சியான வேளையில் அதைக் கேட்பது முறையன்று என்று அப்போது தோன்றிற்று. எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியாமையால் ஒன்றும் இல்லை என்று பொருளாகாது என்பதும் அப்போது நமக்குத் தெரியாது. நாலாம் ஆண்டில் அவரை அடக்கம் செய்தோம். அவர் மனைவி நம்மைக் குறைகூறவில்லை. ஆயினும், “அன்னைக்கு நீங்க ஜெபிச்சதிலிருந்து அவுகளுக்குப் பயமே விட்டுப் போச்சு ஐயா” என்று அந்த அம்மையார் சொன்னது இன்றளவும் நம்மோடிருக்கிறது.

பரிசோதனை நடத்துவோர் அஞ்சுவதும் இதனையே. நல்ல முடிவு வந்தால் அதனைச் சிலர் தொடர்ந்து புகைக்க உரிமைச்சீட்டாகக் கொள்வர். ஆகவே முடிவு எதுவாயினும், அது வருமுன்னரே உரையாடல் தொடங்கிவிடவேண்டும் என்பது இப்பணியில் ஈடுபட்டோர் கண்ட நெறி. நன்றி கூறும் ஜெபத்தோடு, “இந்த நாளிலேயே ஒரு தீர்மானம் செய்ய உங்களுக்கு மனதுண்டா?” என்று கேட்பதில் யாதொரு முறைகேடும் இல்லை.

அவ்வாறு கேட்பதற்கு மறையிலேயே முன்மாதிரி உண்டு. யோவான் 5-ஆம் அதிகாரத்தில், முப்பத்தெட்டு ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்த மனிதனை ஆண்டவர் கடிந்துகொண்டு தொடங்கவில்லை. குணமடைய அவனுக்கு விருப்பம் உண்டா என்று வினவினார். அவனோ விருப்பத்தைப்பற்றி ஒன்றும் கூறாமல், குளத்தில் தன்னை இறக்கிவிட ஒருவரும் இல்லை என்று முறையிட்டான். அம்மறுமொழியைச் சாக்குப்போக்கு என்று நம்மிற் பலர் வியாக்கியானம் செய்வதுண்டு. அதனைத் துணையற்றவனின் உண்மை நிலையாகக் கொள்வதே தகும் என்பது நம் கருத்து. குடிப்பழக்கம் உடையோரிடம் பணியாற்றிய உளவியலார் வில்லியம் மில்லர் 1983-இல் வகுக்கத் தொடங்கிய உரையாடல் முறையும் இவ்வழியே செல்கிறது. அதில் ஆலோசகர் வாதிடுவதில்லை. விடவேண்டிய காரணங்களை அடுக்குவதுமில்லை. விடுவதற்கான காரணத்தை மற்றவர் தம் வாயாலேயே கூறும்படி வினாக்களைக் கேட்டுக் காத்திருக்கிறார். போதிக்கப் பழகிய நமக்கு இது எளிதன்று. இறையியல் மாணவர் இதை வகுப்பிலேயே பழகுதல் நலம்.

புகைப்பது பாவமா என்ற வினா உடனே எழும். சரீரம் தேவனுடைய ஆலயம் என்ற பவுலின் கருத்தைக் கொண்டு அதை ஒரே மூச்சில் தீர்த்துவிடுவது நம் வழக்கம். ஆனால் நிக்கோட்டின் என்னும் பொருள் புகையை இழுத்த சில விநாடிகளில் மூளையைச் சென்றடைகிறது. அதற்குப் பழகிய உடல், அது கிடைக்காத முதல் இரண்டு மூன்று நாட்களில் கடும் எரிச்சலையும் உறக்கமின்மையையும் அமைதியின்மையையும் அனுபவிக்கிறது. இவை தணிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். இவ்வேளையில் இடறியவரை ஜெபக்குறைவுள்ளவர் என்று தீர்ப்பது அறியாமையாகும். மேலும், நுரையீரல் புற்றுநோயுற்ற ஒருவரிடம் “புகைத்தீரோ?” என்பதை முதற்கேள்வியாக்குவதும் தவறு. ஒருபோதும் புகைக்காதவருக்கும் இந்நோய் வருகிறது. பிறவிக்குருடனைக் கண்டு, பாவம் செய்தது யார் என்று சீஷர் கேட்ட கேள்வியையே நாமும் கேட்டவராவோம்.

நம் நாட்டில் தேசிய அளவில் இத்தகைய சி.டி. பரிசோதனைத் திட்டம் இல்லை. பழைய காசநோயின் தழும்புகள் பலருடைய நுரையீரலில் இருப்பதால், இங்கு அப்படங்களைப் பிரித்தறிவதும் கடினம். ஆகவே லீட்ஸ் ஊர்தி நம் ஊருக்கு வரும் என்று காத்திருத்தல் பயனற்றது. ஆனால் அத்தகைய வேளைகள் நம் சபைகளில் குறைவின்றி வருகின்றன. காசநோய்ச் சிகிச்சை தொடங்கும் நாள், இருதய நோயால் மருத்துவமனையில் சேர்ந்த நாள், பேரக்குழந்தையின் ஞானஸ்நானம் ஆகிய ஒவ்வொன்றும் அத்தகைய வேளையே. 2016-17-இல் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தோருள் 7.7 விழுக்காட்டினர் பீடியும் 4 விழுக்காட்டினர் சிகரெட்டும் புகைத்தனர். பீடி ஏழையின் புகை. திருநெல்வேலி, தென்காசி வட்டாரங்களில் அதைச் சுற்றும் கைகளும் ஏழைப் பெண்களின் கைகளே. அக்கூலியிலிருந்து வரும் காணிக்கையும் நம் பலிபீடத்தில் படைக்கப்படுகிறது. இந்நெருக்கடிக்கு எளிய தீர்வு நம்மிடம் இல்லை. எனினும் பிரசங்க பீடத்திலிருந்து பீடியைச் சபிக்குமுன், அதைச் சுற்றி மகளைப் படிக்கவைத்த தாய் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாள் என்பதை நாம் நினைக்கவேண்டும்.

செய்யக்கூடியவை சில உண்டு. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் ஏழாம்நாள் திருச்சபையைச் சேர்ந்த மருத்துவர் மக்ஃபார்லண்டும் போதகர் ஃபோக்கன்பர்க்கும் இணைந்து, புகைப்பதை விட ஐந்து நாள் திட்டம் ஒன்றை அமைத்து நடத்தினர். மருத்துவரும் போதகரும் ஒரே மேடையில் நின்ற அந்த ஏற்பாட்டை நம் குருசேகரங்களிலும் செய்யலாம். நிக்கோட்டின் கலந்த மெல்லும் பசை நம் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. வேறு சில மருந்துகளுக்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். இங்கிலாந்தில் மாற்றாகத் தரப்படும் மின்சிகரெட் நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது. புகையிலையை விட விரும்புவோர் 1800-11-2356 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம். அந்த அழைப்பை, அவர் வீட்டுத் திண்ணையில் அவரோடு அமர்ந்தே செய்விப்பது நலம். விடும் நாளைக் குறித்தபின், மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் குருவானவர் அவ்வீட்டுக்குச் செல்லட்டும். மறுபடி பிடித்துவிட்டார் என்று தெரிந்தாலும் அடுத்த வாரச் சந்திப்பை நிறுத்தாமல், வேறொரு நாளைக் குறித்துவரட்டும்.