வயிறாரச் சாப்பிடச் சொல்லும் சீனி வருத்தம்

கண்டிக்கு அருகேயுள்ள அம்பிட்டியவில் வாழும் ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார்: சிஸ்டிக் பைப்ரோசிஸ் உள்ள மகளுக்கு இப்போது சீனி வருத்தமும் வந்துவிட்டது, தானாக இன்சுலின் ஏற்றும் பம்ப் அவளுக்குச் சரிவருமா? அயலவர்கள் சோற்றைக் குறைக்கச் சொல்கிறார்களாம்.

முதலில் அந்தச் சோற்றுத் தட்டை அவளிடமே கொடுத்துவிட வேண்டும். சிஸ்டிக் பைப்ரோசிஸில் ஒரு மரபணுப் பழுதால் உடலின் சுரப்புநீர்கள் பசைபோலத் தடித்துக் கணையத்தின் குழாய்களை அடைக்கின்றன. கணையம் தழும்பேற, இன்சுலின் சுரக்கும் கலங்களும் குறைகின்றன. வளர்ந்த நோயாளிகளில் ஏறத்தாழ 40 முதல் 50 வீதமானோருக்கு இப்படி நீரிழிவு வருகிறது. ஆனால் இவர்களுக்குச் சாப்பாடு செமிப்பதே பாடு. சுவாசப்பைத் தொற்றோடு போராட நிறையக் கலோரியும் தேவை. உடல் மெலிந்தால் மூச்சும் மோசமாகும். ஆகவே சாப்பாட்டுக்கு ஏற்ப இன்சுலினைக் கூட்ட வேண்டுமே தவிர, இன்சுலினுக்காகச் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது.

பம்ப் அதற்குத்தான் உதவுகிறது. தோலுக்கடியில் ஒரு சென்சர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சீனியை அளக்கிறது. இடுப்பிலுள்ள பம்ப் அதைப் பார்த்து இன்சுலினைக் கூட்டுகிறது, குறைக்கிறது. இவ்வகையில் அமெரிக்காவில் முதலில், 2016இல், அனுமதி பெற்றது மினிமெட் 670ஜி.

இதில் வியப்பான சங்கதி, இன்சுலினின் மந்தம். தோலுக்கடியில் ஏற்றியது உச்சவேகம் பிடிக்க ஒரு மணித்தியாலமளவு ஆகும். சென்சரும் இரத்தத்துக்குச் சில நிமிடங்கள் பிந்தியே பேசும். அம்பிட்டிய இறக்கத்தில் ஓட்டோ ஓட்டுபவர் வளைவு வருமுன்பே பிரேக்கில் கால் வைப்பதுபோல், இயந்திரமும் வரப்போகும் சீனியை முன்கூட்டியே கணிக்கிறது. இந்நோயில் வளைவுகள் அதிகம்: நெஞ்சில் தொற்று வந்து ஸ்டீரொயிட் கொடுத்தால் சீனி சில நாட்களுக்குள் எகிறும், சுகமானதும் இறங்கும். அளவு மாறாத ஊசி இதற்கு ஈடுகொடுக்காது.

பொஸ்டனைச் சேர்ந்த பொறியியலாளர் எட் டேமியானோ, கைக்குழந்தையாயிருந்த மகனுக்கு நீரிழிவு வந்ததால் உருவாக்கத் தொடங்கிய ஐலெட் என்ற பம்ப் 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தொடங்க உடல் எடை போதும்; சாப்பாடு வழமையானதா, கூடவா, குறைவா என்று சொன்னால் மிகுதியை அதுவே பழகிக்கொள்ளும். அனுமதி முதலாம் வகை நீரிழிவுக்கானது; மகளுக்கு வந்திருப்பது அதுவல்ல. சிஸ்டிக் பைப்ரோசிஸ் உள்ள சிலரிடமும் பொஸ்டனில் இவ்வகைப் பம்ப் பரீட்சிக்கப்பட்டிருக்கிறது. எனவே மகளுக்குப் பொருந்துமா என்பதை அவளைப் பார்க்கும் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இன்சுலின் இலவசம். பம்புக்கும், இரண்டு கிழமையளவில் மாற்ற வேண்டிய சென்சருக்கும் குடும்பமே பணம் தேட வேண்டியிருக்கிறது. அதைவிட வேதனை, முத்தமிட்டால் உப்புக்கரிக்கும், இருமல் ஓயாத சிஸ்டிக் பைப்ரோசிஸ் பிள்ளைகளை ஆஸ்துமா என்றும் காசம் என்றும் வருடக்கணக்கில் வைத்திருப்பது. வியர்வையில் உப்பை அளக்கும் பரிசோதனை ஒன்றே பல குழப்பங்களைத் தீர்க்கும். நோய் உறுதியானால் பத்து வயதிலிருந்து வருடாவருடம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணித்தியாலத்தின் பின் சீனியைப் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தம் ஆரம்பத்தில் எல்லாம் சரியென்றே காட்டும்.