ரூ.1,000 போனஸ்... ஆன்லைன் கேசினோ சும்மாவா தருது?

``முதல் டெபாசிட்டுக்கு ரூ.1,000 போனஸ்!'' - இப்படி ஒரு விளம்பரம் உங்க மொபைலிலும் எட்டிப் பார்த்திருக்கும். சூதாட்டக் கம்பெனி நமக்கு எதுக்குங்க காசு தரணும்?

அதுக்கு முன்னாடி, ரூலெட் சக்கரத்தைப் பார்த்துடலாம். ஐரோப்பிய ரூலெட்டில் 0 முதல் 36 வரை மொத்தம் 37 எண்கள். எல்லா எண்ணிலும் தலா 100 ரூபாய் கட்டினால் செலவு 3,700. எந்த எண் விழுந்தாலும் கைக்கு வருவது 3,600. காணாமல்போன அந்த 100 ரூபாய்தான் `ஹவுஸ் எட்ஜ்'. அதாவது 2.7%. அமெரிக்கச் சக்கரத்தில் `00' என்று கூடுதலா ஒரு கட்டம் உண்டு, அங்கே 5.26%. யாரையும் ஏமாத்தவே வேண்டாம். சக்கரம் நேர்மையா சுத்தினாலே கம்பெனிக்கு லாபம்தான்.

ஸ்லாட் கேம்களில் `RTP' என்பதை ஆர்.டி.பி 96% என்று பெருமையாகப் போடுவாங்க. கட்டும் பணத்தில் சராசரியாக 96% ஆடுறவங்களுக்கே திரும்புமாம். `நூத்துக்கு நாலு ரூபாய்தானே'ன்னு தோணும். ஆனா, அந்த 4% உங்க டெபாசிட்டுக்கு இல்லை, ஒவ்வொரு ஸ்பின்னுக்கும்! ஸ்பின்னுக்கு 10 ரூபாய், நிமிஷத்துக்கு 10 ஸ்பின்னு வச்சுக்கோங்க. ஒரு மணி நேரத்தில் 600 ஸ்பின். போட்டது 1,000 ரூபாயா இருந்தாலும், ஜெயிச்சதையே திரும்பத் திரும்பக் கட்டி 6,000 ரூபாய்க்கு ஆடியிருப்பீங்க. அதில் 4%, சராசரியாக 240 ரூபாய் காலி.

வேகம்தான் விஷயமே. அதனால்தான் பிரிட்டனில் 2021-லிருந்து ஆன்லைன் ஸ்லாட்டில் ஒரு ஸ்பின்னுக்குக் குறைந்தது 2.5 விநாடி ஆகணும்னு விதி. 10 ரூபாய் கட்டி 4 ரூபாய் வந்ததுக்கெல்லாம் `ஜெயிச்சுட்டீங்க'ன்னு மியூசிக் போடவும் அங்கே தடை.

`யாரோ ஒருத்தர் லட்சக்கணக்கில் ஜெயிக்கிறாரே?' ஜெயிப்பார். நூறு ஸ்பின்னில் அதிர்ஷ்டம் எப்படி வேணா ஆடும். கம்பெனி பார்க்கிறது கோடிக்கணக்கான ஸ்பின்கள். அவ்வளவு பெரிய எண்ணிக்கையில் கணக்கு 4% பக்கமே வந்து நிற்கும்.

இப்போ அந்த போனஸ். `கண்டிஷன்ஸ்' பகுதியில் `30 மடங்கு ஆடிய பிறகே பணம் எடுக்கலாம்' என்பது மாதிரி ஒரு வரி இருக்கும். ரூ.1,000-க்கு 30 மடங்கு என்றால் ரூ.30,000. அதில் 4%, ரூ.1,200! கொடுத்தது ஆயிரம், சராசரியாக எடுப்பது ஆயிரத்து இருநூறு.

இன்னொண்ணு, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களுக்கும் அவற்றின் விளம்பரங்களுக்கும் இந்தியாவில் 2025 சட்டப்படி தடை. அதையும் மீறி உங்க போனுக்கு வரும் சைட்டில் `96%'னு போட்டிருந்தா, அது நிஜம்தானான்னு சரிபார்க்க இங்கே யாரும் இல்லை.