தவிடு இருக்கிறது, புரதம் எங்கே?

ஆழ்வார்குறிச்சியில் கடனா நதி பாயும் வயல்களில் நெல் விளைகிறது; அரவை மில்லில் தவிடும் குருணையும் மிஞ்சுகின்றன. மேய்ச்சலில் வளரும் நாட்டுக்கோழிக்கு இவை போதாதா? போதாது. குருணை தருவது பெரும்பாலும் மாவுச்சத்து. தவிட்டில் புரதம் சுமார் 12 சதவீதம் உண்டு. ஆனால் அதன் பாஸ்பரஸில் பெரும்பகுதி ஃபைட்டேட்டாகக் கட்டுண்டு கிடக்கிறது, அதைப் பிரிக்கும் நொதி கோழிக் குடலில் போதிய அளவு இல்லை. எண்ணெய் எடுக்காத தவிடு சீக்கிரமே சிக்குவாடை அடிக்கும். ஆக, கடைத் தீவனத்தில் உள்ள மக்காச்சோளத்துக்கு மாற்று கைவசம் இருக்கிறது. தேட வேண்டியது அதிலுள்ள சோயாப் புண்ணாக்குக்கு மாற்று. குறிப்பாக, இறகுக்கும் தசைக்கும் வேண்டிய மெத்தியோனைன் என்ற அமினோ அமிலம்.

அசோலா என்ற நீர்ப்பெரணி இருக்கிறதே என்பார்கள். காய்ந்த எடையில் அதன் புரதம் 20 முதல் 25 சதவீதம். விளம்பரம் அங்கேயே நின்றுவிடுகிறது. பச்சை அசோலாவில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். கிலோவுக்கு 15 கிராம் புரதம் தேறினால் அதிகம். கோழியின் இரைப்பையோ சிறியது. அது துணைத் தீவனம், அவ்வளவே. கறையான் வேறு கதை. பழைய பானையில் வைக்கோலும் சாணமும் திணித்து, நீர் தெளித்து, புற்றருகே கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் கறையான் சேர்ந்திருக்கும். பூச்சிப் புரதத்தில் அமினோ அமிலச் சமநிலை தானியத்தைவிட மேல். இவ்வளவு செய்தும் பிராய்லர் போல ஆறு வாரத்தில் இரண்டு கிலோ வராதே? வராதுதான். நாட்டுக்கோழி மாதக்கணக்கில் மெல்ல வளர்வதால் அதன் அன்றாடப் புரதத் தேவையும் குறைவு. அதனால்தான் இந்தக் கணக்கு கட்டுப்படியாகிறது. குஞ்சுகளுக்கு மட்டும் முதல் சில வாரங்கள் 20 சதவீதப் புரதமுள்ள தீவனத்தைக் குறைக்கக் கூடாது.