படகு மிதக்கும்வரை படகே தெப்பம்

வணிக நோக்கமின்றிப் பந்தயத்துக்கோ பொழுதுபோக்குக்கோ கடலில் ஓட்டப்படும் பாய்மரச் சொகுசுப் படகு ‘யாட்’ எனப்படுகிறது. அது ஆபத்தில் சிக்கினால் எதை நம்புவது என்ற கேள்விக்குப் படகுக் கடைகள் தரும் பட்டியல் உயிர்காப்புத் தெப்பத்தில்தான் பெரும்பாலும் தொடங்கும்; 1979 ஆகஸ்டில் நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயத்தின் விசாரணையோ அந்தப் பட்டியலுக்கு முன்னால் படகையே நிறுத்தியது.

இங்கிலாந்தின் வைட் தீவிலிருந்து புறப்பட்டு, அயர்லாந்தின் தென்மேற்கிலுள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிக்கொண்டு அப்போது பிளைமவுத்தில் முடிந்த அப்பந்தயத்தில் 303 படகுகள் கலந்துகொண்டன. நடுக்கடலில் அவற்றைப் புயல் தாக்கியதில் போட்டியாளர்கள் 15 பேர் இறந்தனர். 24 படகுகள் கைவிடப்பட்டன. கைவிடப்பட்டவற்றுள் மூழ்கியவை ஐந்துதான். எஞ்சிய 19 படகுகளும் ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தன. தெப்பத்தை நம்பி இறங்கிய எழுவர் மாண்டுபோக, அவர்கள் விட்டுச் சென்ற படகுகள் பின்னர் பத்திரமாகத் துறைமுகத்துக்கு இழுத்து வரப்பட்டன. அடிப்பகுதியில் கனமான எடை பொருத்தப்பட்ட யாட், அலை புரட்டினாலும் பெரும்பாலும் தானே நிமிரும். காற்றடைத்த இலேசான தெப்பத்துக்கு அந்த வலு கிடையாது. தெப்பத்துக்குள் கீழே இறங்கக் கூடாது, மேலே ஏறித்தான் போக வேண்டும், அதாவது காலடியில் படகு அமிழும் வரை காத்திருக்க வேண்டும் என்று பாய்மரப் படகோட்டிகள் சொல்வதன் பொருள் இதுவே.

படகே முதல் காப்பு என்றால், அதிலிருந்து விழாமல் இருப்பதே அடுத்த கவலை. மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் செல்லும் படகு ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 185 மீட்டர் நகர்ந்துவிடுவதால், தவறி விழுந்தவரின் தலை அலைகளுக்கிடையே தேங்காய் அளவுகூடத் தெரியாது. மார்பைச் சுற்றி அணியும் பாதுகாப்பு வார்ப்பட்டையும், அதைப் படகோடு பிணைக்கும் கொக்கிக் கயிறும் இதற்காகவே உள்ளன. கயிறு நீளமாக இருந்தால் விழுந்தவர் படகின் பக்கவாட்டில் நீருக்குள் இழுபட நேரும் என்பதால், ஒரு மீட்டர் அளவுள்ள குட்டைக் கயிற்றைப் படகின் நடுக்கோட்டருகே மாட்டுவது மேல்.

அப்படியும் விழுந்துவிட்டால் தாங்கும் மிதவை அங்கியின் திறன் நியூட்டன் என்ற விசை அலகில் குறிக்கப்படும். கடற்பயணத்துக்குப் பரவலாகப் பயன்படும் 150 நியூட்டன் அங்கி, ஏறத்தாழ 15 கிலோ எடையைத் தாங்கும் விசையுடையது. நீர் பட்டதும் ஊதிக்கொள்ளும் வகையில் கரியமில வாயு நிறைத்த சிறு உருளை ஒன்று இருக்கும். படகின் அதிர்வில் அதன் திருகு தளர்ந்துபோவதுண்டு, உப்புக்காற்றில் துருப்பிடிப்பதும் உண்டு. உருளையைச் சமையலறைத் தராசில் நிறுத்து, அதன்மீது பொறித்துள்ள எடையோடு ஒப்பிட்டாலே வாயு கசிந்துவிட்டதா என்பது தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலைதான், ஆனாலும் செய்வோர் குறைவு. கால்களுக்கிடையே மாட்டும் பட்டையை அலங்காரமென்று நினைத்துக் கழற்றிவிடுவோரும் உள்ளனர். அது இல்லையேல் ஊதிய அங்கி முகத்துக்கு மேலே ஏறிவிட, அணிந்தவர் அதற்குள்ளேயே வாயும் மூக்கும் நீரில் அமிழக் கிடப்பார்.

கரைக்குச் செய்தி சொல்வது ஈபிர்ப் எனப்படும் அவசர அலைபரப்பி. 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது அனுப்பும் சைகையைக் காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டுச் செயற்கைக்கோள் அமைப்பு பெற்றுத் தேடல்-மீட்பு மையங்களுக்குத் தெரிவிக்கும். மின்கலம் குறைந்தது 48 மணி நேரம் தாங்கும். 2018 செப்டம்பரில் உலகைத் தனியே சுற்றிவரும் கோல்டன் குளோப் பந்தயத்தின்போது இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் பாய்மரம் முறிந்து, முதுகில் காயமுற்று நகர முடியாமல் கிடந்த இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, ‘துரியா’ என்ற தம் படகைவிட்டு இறங்காமல் இக்கருவியை இயக்கினார். மூன்றாம் நாள் ‘ஓசிரிஸ்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் அவரைப் படகிலிருந்தே மீட்டது.

இக்கருவி ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு. அந்த எண்ணுக்கு எதிரே பதிவாகியுள்ள உரிமையாளரையே மீட்பு மையம் முதலில் தொலைபேசியில் அழைக்கும். பழைய படகை வாங்கியவர் பதிவைத் தம் பெயருக்கு மாற்றாவிட்டால், அவர் கடலில் தத்தளிக்கையில் மணியடிப்பது விற்றவர் வீட்டில்தான்.