பொண்டின் கண்களினூடாக

திரைப்படம் ஒன்று வெளியாகிப் பேர்பெற்ற சூட்டோடு, அதன் பெயரைத் தாங்கிய விளையாட்டொன்றையும் கடைகளுக்கு அனுப்பிவிடுவது வணிகருக்குக் கைவந்த வழி. அவ்வாறு அவசரத்திற் பிறந்தவை பெரும்பாலும் படத்தின் சுவரொட்டி கிழியுமுன்னரே மறக்கப்பட்டுவிடும். ‘கோல்டன் ஐ 007’ என்னும் வீடியோ விளையாட்டோ, அதன் மூலமான படம் 1995இல் திரைக்கு வந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னர், 1997 ஆகஸ்ட் மாதத்திலேதான் நின்டெண்டோ 64 என்ற பொறிக்கென வெளிவந்தது. பந்தி முடிந்தபின் வந்த விருந்தாளியின் நிலைதான். ஆயினும் எண்பது இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயின.

1962இல் தொடங்கிய ஜேம்ஸ் பொண்ட் படவரிசையில் 17ஆவது படம் ‘கோல்டன் ஐ’. படம் பார்ப்போர் பொண்டைக் காண்கின்றனர். அவனது உடையையும் நடையையும் புன்முறுவலையும் கண்டு களிக்கின்றனர். விளையாட்டிலோ நிலைமை தலைகீழானது. தொடக்கத்தில் பொண்டின் உருவம் சற்றே காட்டப்படுகிறது. உடனே காட்சி அவனுடைய தலையின் பின்புறமாக உள்ளே புகுந்துவிடுகிறது. அதன்பின் திரையில் தெரிபவை அவன் கண்கள் காண்பவையும், முன்னே நீண்ட கையும் துப்பாக்கியுமே. நாயகனின் முகத்தை மறைத்துவிட்டு நாயகனின் கதையை நடத்துவது எங்ஙனம்?

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் பகுதியிலே ட்வைகுரொஸ் என்னும் சிற்றூரில் இயங்கிய ரெயர் நிறுவனத்தார் இதனை ஆக்கினர். மார்ட்டின் ஹொலிஸ் தலைமையிற் பணிபுரிந்த அச்சிறு குழுவிற் பெரும்பாலோர் அதற்கு முன்னர் ஒரு விளையாட்டைத்தானும் ஆக்கியறியாதவர்கள். பழைய விமான இயந்திரத் தொழிற்சாலையொன்றே லீவ்ஸ்டன் படப்பிடிப்பு நிலையமாக மாற்றப்பட்டிருந்தது. அங்கு அவர்கள் சென்று, படத்துக்காக எழுப்பப்பட்ட அரங்குகளைப் பார்த்தும் புகைப்படம் எடுத்தும் திரும்பினர். பின்னர் கட்டடக் கலைஞரைப் போல முதலில் இடங்களையே அமைத்தனர். எதிரி எங்கே நிற்பான், வெளியேறும் வழி எது என்பவையெல்லாம் பிறகு தீர்மானிக்கப்பட்டவை. அதனால் எவ்விதப் பயனுமற்ற அறைகளும் வெறுமையான மூலைகளும் மிஞ்சின. இக்குறையே பெரிய நிறைவாயிற்று. உண்மையான கட்டடங்களிலும் எல்லா அறைகளும் ஒருவனுக்காகக் காத்திருப்பதில்லையல்லவா?

முதற்கட்டமான அணைக்கட்டிலேயே இதன் போக்கு விளங்கிவிடும். சுட்டுக்கொண்டே ஓடுபவனின் வெடியோசை காவலரை அவன்மீது திரட்டிவிடும். பொறுமையுள்ளவனோ தொலைநோக்கி பூட்டிய துப்பாக்கியால் முன்னுள்ள பாதையை ஆராய்ந்து, மறைந்து மறைந்து முன்னேறுவான். கடினமான படிநிலையைத் தேர்ந்தெடுத்தால், எதிரிகள் வலுப்பது மட்டுமன்றி, அதே இடத்தில் நிறைவேற்ற வேண்டிய பணிகளும் பெருகும். சுடுவதைவிட உளவு பார்ப்பதற்கே அறிவு வேண்டும் என்பதை இவ்வமைப்பு உணர்த்தியது. காவலருட் பலரின் முகங்கள் அந்நிறுவனத்து ஊழியரின் முகங்களே என்பது ஒரு வேடிக்கை.

திரையை நான்காகப் பிரித்து நால்வர் ஒருவரோடொருவர் மோதும் பகுதிதான் பின்னர் பெரும்புகழ் பெற்றது. அதுவோ மேலிடத்துக்கு அறிவியாமலே, வெளியீட்டுக்கு ஏறத்தாழ ஆறு மாதம் முன்னதாகச் சேர்க்கப்பட்டது! பக்கத்திலிருப்பவன் தன் திரைப்பங்கைக் களவாகப் பார்க்கிறான் என்ற சண்டை எத்தனையோ வீடுகளில் எழுந்தது. ஒட்ஜொப் என்னும் குள்ள உருவத்தைத் தேர்ந்தெடுப்பவன் குண்டுக்கு எளிதில் அகப்படான். ஆகவே அது வஞ்சனையென்றே நண்பர்கள் தீர்ப்புக் கூறினர்.

இத்தனைக்கும் நடுவே ஒரு நெருடல் இருந்தது. குடும்பத்தாருக்குரிய விளையாட்டுகளுக்குப் பேர்போன நின்டெண்டோவின் பொறியில் இவ்வளவு கொலை தகுமா? குருதி பீறிடும் காட்சிகளை முதலில் அமைத்த குழுவினர், பின்னர் அவை மிதமிஞ்சியவை எனக் கண்டு நீக்கினர். நின்டெண்டோவின் புகழ்பெற்ற விளையாட்டு வடிவமைப்பாளர் ஷிகேரு மியாமோட்டோ அனுப்பிய தொலைநகலைப் பற்றி ஹொலிஸ் 2015இல் வெளியிட்டார். அண்மையில் நின்று கொல்வது கொடூரமாயிருக்கிறது என்றும், இறுதியில் பொண்ட் மருத்துவமனைக்குச் சென்று தன் பகைவர் அனைவருடனும் கைகுலுக்கலாமே என்றும் அதில் எழுதப்பட்டிருந்ததாம். கேட்பவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் எழுதியவரின் மனக்கலக்கம் சிரிப்புக்குரியதன்று. ஹொலிஸ் கைகுலுக்கலைச் சேர்க்கவில்லை. அதற்கு மாறாக, முடிவில் நாடகக் கொட்டகையில் நடிகர்கள் வந்து வணங்குவதுபோல, பாத்திரங்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்யும் காட்சியொன்றை அமைத்தார். இது மெய்யான கொலையன்று, புனைவே என்று காட்டும்பொருட்டு, பகைவரும் அதிலே உயிரோடு தோன்றினர்.