‘ரயட்’ – ஒரு சொல், பல பொருள்

“பையன் மேல ரயட் கேஸ் போட்டுட்டாங்க” என்று கேட்டதும் தோட்டத்துப் பெற்றோர் பதறிப்போகிறார்கள். கடைகள் எரிந்து, ஊரடங்கு போட்ட கலவரம்தான் அவர்கள் நினைவுக்கு வருகிறது. ஆனால் இந்த ஆங்கிலச் சொல் இடத்துக்கு இடம் பொருள் மாறும்.

பேச்சு வழக்கில் அது கெட்ட சொல்லே அல்ல. பல நிறப் பூக்கள் மண்டிக் கிடந்தால் அதையும் ‘ரயட்’ என்பார்கள். வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பவரும் ‘ரயட்’தான். சினிமா விளம்பரங்களில் வரும் ‘லாஃப் ரயட்’ இந்தப் பொருளில் வருவதே. வேட்டை நாய் துரத்த வேண்டியதை விட்டு வேறு மோப்பம் பிடித்து ஓடுவதற்கும் இதே சொல். கட்டுக்கடங்காமல் திரிவதை ‘ரன் ரயட்’ என்பது அதிலிருந்து வந்தது.

ஒருவரைக் கடுமையாக எச்சரிப்பதை ‘ரயட் ஆக்ட் வாசித்தார்’ என்பார்கள். 1715-இல் பிரிட்டனில் இயற்றப்பட்ட சட்டம் அது. 12 பேர் அல்லது அதற்கு மேல் கூடிக் குழப்பம் செய்தால் அதிகாரி அறிவிப்பை வாசிப்பார். ஒரு மணி நேரத்தில் கலையாவிட்டால் கடும் தண்டனை.

நீதிமன்றத்தில் பொருள் வேறு. மலாயில் ‘ருசுஹான்’ எனப்படும் இக்குற்றம், 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தை ஒட்டி அமைந்த நம் குற்றவியல் சட்டத்தில் உள்ளது. 5 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சட்டவிரோத நோக்கத்துடன் கூடி, அந்த நோக்கத்துக்காக அவர்களில் ஒருவர் வன்முறையில் இறங்கினாலும், கூட்டத்தைச் சேர்ந்த எல்லாரும் குற்றவாளிகள். 147-ஆவது பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். கொடிய ஆயுதம் வைத்திருந்தால் 148-ஆவது பிரிவு. சிறை 5 ஆண்டு வரை நீளலாம்.

ஊர் எரிய வேண்டியதில்லை. பகாவிலோ ரந்தாவிலோ திருவிழாவில் நண்பனுக்காகக் கும்பலாகப் போய் அடிதடியில் இறங்கினாலே போதும். “நான் கை வைக்கவில்லை, கூடத்தான் போனேன்” என்பது தப்பிக்கும் வழி ஆகாது. அதே நேரம், வேடிக்கை பார்க்க நின்றவர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்ல. இதை வழக்கறிஞர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

யார் எந்தப் பெயர் வைக்கிறார்கள் என்பதும் முக்கியம். 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வு கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். நம்மவர்களுக்கு அது உரிமைப் போராட்டம். ஆட்சியோ அதைக் கலவரமாகக் கண்டு படையை இறக்கியது, உயிர்கள் போயின.

ஆகவே, பிள்ளை கைதானால் பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். எந்தப் பிரிவு என்று கேளுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாத மலேசியர்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியம் தடுப்புக் காவல் கட்டத்திலேயே உதவுகிறது. மொழி புரியாவிட்டால் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். குற்றச்சாட்டு முழுதாகப் புரியும் முன் ‘ஆம்’ என்று தலையாட்ட வேண்டாம்.